சந்தியாகப்பர் பாதை – 4: ஊர் ஒளித்துவைத்த பொன்

சென்ற பகுதியில் ஓப்ராக் மேட்டுநிலத்தில் நின்றோம். பனிமூட்டத்தில் வழிதவறிய யாத்திரிகர்களைக் கூப்பிட அங்கிருந்த சத்திரத்து மணி விடாமல் அடித்த கதையைப் பார்த்தோம். இனி இறக்கம்தான். மேட்டைவிட்டு இறங்கி, லொத் ஆற்றோரமாக நடந்து, மறுபடி ஒரு மேடு ஏறி, கஷ்கொட்டை மரங்கள் அடர்ந்த சரிவில் கால் வைக்கிறோம். லெ புய் நகரில் தொடங்கிய நம் நடை இங்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டரை எட்டுகிறது. ஊர் எங்கே என்று தேடுகிறவனுக்குக் காடு மட்டுமே தெரியும். திடீரென்று காலுக்குக் கீழே சாம்பல் நிறக் கூரைகள். அவற்றின் நடுவே மூன்று கோபுரங்கள். அதுதான் கோங்க்.

பிரான்ஸின் தென்பகுதியில் அவேரோன் மாவட்டத்தில் இருக்கிறது இந்த ஊர். பழைய பெயரால் சொன்னால் ரூவெர்க் நாடு. ஊஷ் என்னும் ஓடை மலையை அறுத்துக்கொண்டு வந்து தூர்தூ ஆற்றில் கலக்கும் இடம். சமதரை என்று சொல்ல உள்ளங்கை அளவுகூட இல்லை. ஒரு வீட்டின் கூரை இருக்கும் உயரத்தில் அடுத்த வீட்டின் வாசற்படி. கூரைகளில் பலகைக்கல், சுவர்களில் மரச்சட்டம், இடையிடையே செம்மணற்கல். கோயிலில் மட்டும் வெயில்பட்டால் பொன்னாய் ஒளிரும் மஞ்சள் சுண்ணக்கல். அக்கல்லை இவ்வூரார் 'ரூசே' என்பார்கள். லத்தீனில் 'கோங்க்கா' என்றால் சிப்பி. சிப்பிபோல் குழிந்த பள்ளத்தாக்கு ஆகையால் அந்தப் பெயர். சந்தியாகப்பர் கல்லறையை நோக்கி நடக்கிறவர்களின் அடையாளமும் சிப்பிதான். பெயரிலேயே பாதையைச் சுமந்துகொண்டிருக்கிறது இந்த ஊர்.

கோங்க் 2015 வரை ஒரு தனி கொம்யூனாக இருந்தது. பிரான்ஸில் சுமார் 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன. பாரிஸும் கொம்யூன், நூறு பேர் வாழும் மலைக்கிராமமும் கொம்யூன். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர், ஒரு சபை. புரட்சி தொடங்கிய 1789ஆம் ஆண்டின் இறுதியில் சட்டம் போட்டு உருவாக்கிய அமைப்பு அது. புதுச்சேரியில் இன்றும் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்கிறோமே, அந்தச் சொல் கடல்கடந்து வந்தது இங்கிருந்துதான். கோங்க் ஊரில் இன்று வாழ்வோர் சில நூறு பேர். ஐரோப்பாவின் விலைமதிப்பற்ற இடைக்காலப் பொற்பணிகளில் ஒரு பெருந்தொகுதி இந்தச் சில நூறு பேரின் நடுவே இருக்கிறது. அது எப்படி இங்கே வந்தது, எப்படி இங்கேயே நின்றது என்பதுதான் இந்தப் பகுதியின் கதை.

பசித்திருந்த மடம்

8ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாதோன் என்றொரு துறவி ஆள்நடமாட்டமில்லாத இந்தப் பள்ளத்தாக்கில் தனித்து வாழ வந்தார். அவரைத் தேடிச் சிலர் வந்தார்கள். குடிசை மடமானது, மடம் பெனடிக்ட் சபை ஒழுங்கை ஏற்றது. ஷார்லமாஞ் பேரரசரின் மகன் லூயி மன்னர் நிலங்கள் கொடுத்து ஆதரித்தார். ஆனால் இந்த மலைச்சரிவில் உழ நிலம் ஏது? வண்டி வர வழி ஏது? 838இல் இன்னொரு மன்னரான பெப்பேன், வசதியான வெளியில் ஃபிஜாக் என்னும் இடத்தில் புதிய மடம் ஒன்றை ஏற்படுத்தினார். அதற்கு 'புதிய கோங்க்' என்றே பெயர். துறவிகள் பலர் அங்கே போய்விட்டார்கள். பழைய கோங்க் அணையப்போகும் விளக்கானது.

அக்காலத்தில் ஒரு மடம் பிழைக்க வேண்டுமானால் யாத்திரிகர் வரவேண்டும். யாத்திரிகர் வர ஒரு புனிதரின் அருளிக்கம், அதாவது உடலெச்சம், அங்கே இருக்கவேண்டும். கோங்க் துறவிகள் முதலில் ஸ்பெயின் நாட்டுப் புனித வின்சென்டின் எலும்புகளைக் கொண்டுவர முயன்று தோற்றார்கள். அடுத்து அவர்கள் கண்ணில் பட்டது அஜேன் நகரம். உரோமைப் பேரரசன் தியோக்ளேசியன் காலத்தில், 303ஆம் ஆண்டை ஒட்டி, தன் விசுவாசத்தை விட மறுத்து உயிர்விட்ட சிறுமி ஒருத்தி அங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்தாள். வயது பன்னிரண்டு இருக்கும். பெயர் ஃபுவா. பிரெஞ்சு மொழியில் 'விசுவாசம்' என்றே பொருள்.

மடத்து மரபு சொல்லும் கதை இது. அரினிஸ்து என்ற கோங்க் துறவி தன்னை இன்னார் என்று காட்டிக்கொள்ளாமல் அஜேன் போய்ச் சேர்ந்தார். பத்தாண்டுகள் அங்கேயே ஊழியம் செய்தார். நம்பிக்கை சம்பாதித்தார். கல்லறைக்குக் காவலாளி ஆகும் அளவுக்கு உயர்ந்தார். ஒரு திருக்காட்சித் திருநாளன்று எல்லோரும் விருந்தில் இருந்தபோது கல்லறையை உடைத்து எலும்புகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். 866 ஜனவரியில் அவை கோங்க் வந்துசேர்ந்தன. இதைத் திருட்டு என்று யாரும் அங்கே வெட்கப்படவில்லை. புனிதையின் விருப்பம் இல்லாமல் அவளை யாரால் அசைத்திருக்க முடியும் என்றே கேட்டார்கள். அக்காலத்தில் இப்படிப்பட்ட 'புனிதத் திருட்டு'கள் பல நடந்திருக்கின்றன. பத்தாண்டுப் பொறுமையோடு நடந்தது என்பதால் இது மனத்தில் நிற்கிறது.

பொன்முகம்

எலும்புகளுக்கு ஓர் இருப்பிடம் வேண்டும். அதற்காக உருவானதுதான் புனித ஃபுவாவின் பொற்சிலை. உயரம் 85 சென்டிமீட்டர். உள்ளே மரம், மேலே பொன்தகடு. அரியணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். முகத்தைப் பாருங்கள். சிறுமியின் முகம் இல்லை அது. அகன்ற தாடை, அசையாத பார்வை, வெள்ளையும் கருநீலமுமான கண்கள். உரோமைப் பேரரசின் கடைசிக் காலத்தில் யாருக்கோ செய்த பொன்தலையைத்தான் எடுத்து இந்த உடலில் பொருத்தியிருக்கிறார்கள். ஆடை முழுக்க இரத்தினங்கள். பழைய கிரேக்க, உரோமைக் கைவினைஞர்கள் செதுக்கிய முத்திரைக் கற்களும் அவற்றுள் உண்டு. ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தது: ஒரு கல், ஒரு பொன் இழை, அரியணை முனையில் ஒரு பளிங்கு உருண்டை. நூற்றாண்டுகள் தொடர்ந்து கட்டிய நகைச்சீட்டு போல வளர்ந்திருக்கிறது இந்தச் சிலை.

1013இல் பெர்னார்து என்றொரு படித்த குருவானவர் இங்கே வந்தார். வடக்கே ஆன்ஜே நகரத்துப் பள்ளியில் ஆசிரியர். தெற்கத்தி மக்கள் சிலையின் முன் விழுந்து கிடப்பதைக் கண்டு அவருக்கு முகம் சுளித்தது. வீனஸ், டயானா சிலைகளுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று உள்ளுக்குள் எள்ளினார். பின்னர் ஊராரிடம் உட்கார்ந்து கதை கேட்டார். பிடுங்கப்பட்ட கண்கள் ஓராண்டு கழித்துத் திரும்பவந்த குயிபேர் என்பவனை நேரில் பார்த்துப் பேசினார். தன் எள்ளலுக்காக வருந்தினார். மீண்டும் மீண்டும் வந்து, கேட்ட அற்புதங்களையெல்லாம் ஒரு நூலாக எழுதிவைத்தார்.

அந்த நூலில் வரும் புனிதை, நகைமீது ஆசைகொண்ட குறும்புக்காரச் சிறுமி. துலூஸ் கோமகனின் மனைவி அர்சாந்த் கனவில் தோன்றி அவள் கைக்காப்புகளைக் கேட்கிறாள். சீமாட்டி சும்மா கொடுக்கவில்லை. எனக்கொரு ஆண்பிள்ளை வேண்டும் என்று பேரம் பேசுகிறாள். காப்பு கோயிலுக்குப் போனது, பிள்ளையும் பிறந்தது என்கிறது கதை. இத்தகைய அற்புதங்களை ஊரார் 'புனித ஃபுவாவின் விளையாட்டுகள்' என்றே அழைத்தார்களாம்.

அவளிடம் அதிகம் வேண்டிக்கொண்டவர்கள் கைதிகள். விடுதலை பெற்றவர்கள் தங்கள் கால்விலங்குகளைச் சுமந்துவந்து கோயிலில் போட்டார்கள். குவிந்த இரும்பை என்ன செய்வது? கொல்லரை அழைத்துக் கதவாகவும் கம்பிவேலியாகவும் அடித்துவிட்டார்கள். பீடத்தைச் சுற்றி இன்றும் நிற்கும் சுருள்சுருளான இரும்புக் கிராதி அப்படி வந்ததுதான் என்பது ஊர் மரபு.

கல்லில் ஒரு தீர்ப்பு நாள்

கூட்டம் பெருகியது. பழைய கோயில் போதவில்லை. 11ஆம் நூற்றாண்டின் நடுவில் மடத்தலைவர் ஓதோல்ரிக் புதிய கோயிலைத் தொடங்கினார். அந்நூற்றாண்டின் இறுதியில் பொறுப்பேற்ற மூன்றாம் பெகோன் மடத்து முற்றத்தைக் கட்டினார், பொற்கொல்லர்களை வைத்துப் பல பேழைகளும் செய்வித்தார். 'ஷார்லமாஞின் அ' என்று பேர்பெற்ற, எழுத்து வடிவப் பேழை அவற்றுள் ஒன்று. பேரரசர் தம் மடங்களுக்கெல்லாம் ஆளுக்கோர் எழுத்து கொடுத்தார், முதலெழுத்து எங்களுக்கே கிடைத்தது என்று கோங்க் மக்கள் பெருமையோடு சொல்வார்கள்.

கோயில் நீளத்தைவிட உயரத்தால் மலைக்கவைக்கிறது. இடமில்லாத சரிவில் வேறெப்படிக் கட்டுவது? நடுக்கூடத்தின் உயரம் 22 மீட்டர். பீடத்தின் பின்னால் சுற்றுப்பாதை. வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போதே யாத்திரிகர்கள் இடையூறு செய்யாமல் ஒரு பக்கம் நுழைந்து, அருளிக்கத்தைச் சுற்றிவந்து, மறுபக்கம் வெளியேறலாம். கூட்டத்தைக் கையாளத் தெரிந்தவர்கள் வகுத்த திட்டம் அது.

ஆனால் வந்தவர் எவரையும் வாசலிலேயே நிறுத்திவிடுவது மேற்கு வாயிலின் மேலுள்ள அரைவட்டச் சிற்பத்தொகுதிதான். 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செதுக்கியது. 124 உருவங்கள். பூசிய வண்ணத்தின் எச்சம் இன்னும் ஒட்டியிருக்கிறது. பொருள், உலக முடிவின் தீர்ப்பு. நடுவில் பேருருவாகக் கிறிஸ்து. நாம் நின்று பார்க்க, இடப்பக்கம் மீட்படைந்தோர் அமைதியாக வரிசையில் நடக்கிறார்கள். அந்த வரிசையில் ஷார்லமாஞ் பேரரசரும் இருக்கிறார். மடத்தலைவர் ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப்போக, சற்றே குனிந்து, தயங்கித் தயங்கி வருகிறார். பாவங்கள் இருந்தாலும் எங்கள் மடத்துக்குக் கொடுத்தவர் என்று துறவிகள் சிபாரிசு செய்கிறார்கள் போலும்.

வலப்பக்கம் நரகம். அமைதி என்பதே இல்லை. பணப்பை கழுத்தை இறுக்கத் தொங்குகிறான் ஒரு கருமி. இரும்புக்கவசம் போட்ட வீரன் குதிரையோடு தலைகீழாக விழுகிறான். கள்ள நாணயம் அடித்தவன், வலையில் சிக்கிய திருச்சபைப் பெரியவர், இவர்களோடு வேட்டைக்காரன் ஒருவனும். அவனைக் கழியில் கட்டி நெருப்பில் வாட்டுவது முயல். வாழ்நாள் முழுக்க நிலக்கிழாரின் வேட்டைக்காரர்களால் பயிரிழந்த ஒரு குடியானவன் இந்தச் சிற்பத்தின் கீழே நின்றபோது அவன் மனம் எப்படிக் குளிர்ந்திருக்கும்!

இரண்டுக்கும் நடுவே தராசு. ஒருபுறம் மிக்கேல் அதிதூதர், எதிரே பிசாசு. ஒருவரையொருவர் கண்ணுக்குக் கண் பார்க்கிறார்கள். பார்வையை விலக்காமலே பிசாசு தன் தட்டை விரலால் அழுத்துகிறது. சந்தையில் எடைபோடத் தெரிந்த சிற்பி ஒருவர் செதுக்கியது இது, ஐயமில்லை.

அவசரப்படாமல் தேடினால் இன்னொன்றும் அகப்படும். இடப்பக்க மூலையில் சின்னஞ்சிறு வளைவுகள். அங்கே விலங்குகள் தொங்குகின்றன, கைதிகள் விட்டுச்சென்ற விலங்குகள். அருகில் ஒரு சிறுமி முழந்தாளிட்டுக் குனிந்திருக்கிறாள். மேகத்திலிருந்து ஒரு கை அவளை நோக்கி நீள்கிறது. உலகமே தீர்ப்புக்கு நிற்கும் வேளையில் நம் ஊர்ப்பெண் நமக்காகப் பரிந்து பேசிக்கொண்டிருக்கிறாள் என்று ஊரார் எல்லோருக்கும் தெரியும்படி, தங்கள் கோயிலின் உள்ளமைப்பையே அங்கே சிறிதாகச் செதுக்கிவைத்தார்கள்.

வீடுவீடாகப் போன பொன்

ஏற்றம் நெடுநாள் நிற்கவில்லை. யாத்திரை குறைந்தது. துறவிகள் இருந்த இடத்தில் குருக்கள் குழு வந்தது. 16ஆம் நூற்றாண்டு மதப்போர்களில் கோயிலுக்குத் தீ வைத்தார்கள். பெரிய சாலைகள் வேறு பள்ளத்தாக்குகளில் போயின. கோங்க் தன் கஷ்கொட்டை மரங்களோடும் திராட்சைச் சரிவுகளோடும் தனித்துவிடப்பட்டது. ஏழை ஊர். கஷ்கொட்டைதான் பாதி ஆண்டுச் சாப்பாடு.

1789 நவம்பரில் புரட்சி அரசு திருச்சபையின் சொத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. போர் வந்தது, கருவூலம் காலியானது. கோயில்களின் பொன்னும் வெள்ளியும் நாணயச் சாலைக்குப் போயின. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த பேழைகள் பிரான்ஸ் முழுவதும் உலைகளில் உருகி ஓடின. தொலைதூர மலை மூலை என்பதால் கோங்க் தப்பிவிட முடியாது. எடுத்துப்போக ஆள் வருவார்கள் என்று தெரிந்ததும் ஊர் ஒரு முடிவெடுத்தது.

வழிவழியாகச் சொல்லப்படும் நினைவின்படி, ஒரே இரவில் கருவூலம் காலியானது. களவு போய்விட்டது என்று பேச்சு. உண்மையில் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சில தோட்டத்து மண்ணுக்குள். சில வீட்டுச் சுவருக்குள். சில, கஷ்கொட்டை உலர்த்தும் கூடங்களில். இந்த வட்டாரத்தில் 'செகாது' என்று அழைக்கப்படும் கூடம் அது. தரையில் புகையும் நெருப்பு, மேலே மூங்கில்பரண்போலக் கழிகளைப் பரப்பிய தட்டு, தட்டில் குவிந்த கஷ்கொட்டை. உள்ளே நுழைந்தால் புகையில் கண் திறக்க முடியாது. எந்த அதிகாரி அதற்குள் பொன்னைத் தேடுவார்?

நான் நெடுநேரம் நினைத்துப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். அந்தப் பொன்னில் ஒரு துணுக்கை விற்றால் ஒரு குடும்பம் பல ஆண்டு சாப்பிடலாம். ஒளித்துவைத்தவனுக்கும் அண்டைவீட்டுக்காரனுக்கும் மட்டுமே தெரியும் பொருள். காட்டிக்கொடுத்தால் பரிசு, வைத்திருந்தது தெரிந்தால் தண்டனை. அமளி ஓய்ந்தபின் பொருள்கள் ஒவ்வொன்றாகக் கோயிலுக்குத் திரும்பின. பொற்சிலை வந்தது, ஷார்லமாஞின் அ வந்தது, பெகோன் செய்வித்த பேழைகள் வந்தன. இடைக்காலக் கோயிற் கருவூலம் ஒன்று ஏறத்தாழ அப்படியே பிரான்ஸில் எஞ்சியிருக்கிறது என்றால் அது இந்த ஊராரின் கைச்சுத்தத்தால். பேழைகளைச் செய்யச்சொன்ன மடத்தலைவர்களின் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. புகைக்கூடத்தில் காத்தவர்களின் பெயர்கள் வரலாற்று நூல்களில் ஏறவில்லை.

இதே ஊர்தான் பெகோன் கட்டிய முற்றத்தையும் கலைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். புரட்சிக்குப் பின் கேட்பாரில்லாமல் கிடந்த அந்தத் தூண்களும் வளைவுகளும் வீடு கட்டவும் சுவர் எழுப்பவும் போயின. இன்று எஞ்சியிருப்பவை சில வளைவுகளும் பாம்புநிறப் பச்சைக்கல்லில் செய்த பெரிய நீர்த்தொட்டியும். புனிதையின் பொன்னில் கைவைக்காதவர்கள் கல்லை எடுத்தார்கள். பொன் அவளுடையது, கல் யாருடையதோ என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும். மரபு என்னும் சொல்லை நாம் இன்று ஆளும் பொருளில் அவர்கள் அறியார். நமது, நமதல்லாதது என்ற கணக்கு மட்டுமே அறிவார்கள்.

வெளியூர்க் கண்

அந்தக் கணக்கில் கோயிற்கட்டடத்தைச் சேர்த்துவைத்தவர் ஓர் அந்நியர். 'கார்மென்' கதையை எழுதப்போகிற ப்ரோஸ்பேர் மெரிமே 1834 முதல் வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளர். குதிரைவண்டியில் நாடு முழுக்கச் சுற்றியவர். 1837 கோடையில் கோங்க் வந்தார். இப்படி ஒரு பாழ்மூலையில் இத்தனை செல்வமா என்று வியந்தார். கூடவே, உடனே கைகொடுக்காவிட்டால் கோயில் விழுந்துவிடும் என்றும் பாரிசுக்கு எழுதினார். 1840இல் வெளியான பிரான்ஸின் முதல் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் கோங்க் இடம்பெற்றது. பழுதுபார்ப்பு தொடங்கியது. 1873இல் ரொதேஸ் ஆயர், பிரெமோந்த்ரே சபைத் துறவிகளை இங்கே குடியமர்த்தினார். யாத்திரிகர்களை அவர்களே இன்றும் வரவேற்கிறார்கள்.

இரண்டே ஆண்டுகளில் இன்னொரு புதையல். 1875இல் பீடத்தைச் சுற்றிய தூண்களுக்கு இடையே இருந்த சுவரைப் பிரித்தபோது தோல் போர்த்திய பெட்டி ஒன்று அகப்பட்டது. மேலே வட்டவட்டமாக வண்ணமெருகு பூசிய பதக்கங்கள். உள்ளே புனித ஃபுவாவின் எலும்புகள். ஏதோ ஓர் ஆபத்துக் காலத்தில் எவரோ சுவருக்குள் வைத்துக் கட்டிவிட்டு, சொல்லாமலே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். ஒளித்துவைத்துக் காப்பது இந்த ஊருக்குப் புரட்சி கற்றுக்கொடுத்த பழக்கம் இல்லை.

20ஆம் நூற்றாண்டில் ரொதேஸ் நகரத்திலிருந்து ஒரு பள்ளிச் சிறுவன் இங்கே வந்தான். 1919இல் பிறந்த பியேர் சூலாஜ். இந்தக் கோயிலுக்குள் நின்றபோதுதான் கலையே தன் வாழ்க்கை என்று தீர்மானித்ததாகப் பின்னாளில் சொன்னார். கறுப்பு வண்ணத்தின் ஓவியராக உலகப் புகழ் பெற்ற அவரிடமே 1986இல் கோயிலின் சன்னல்களைச் செய்யும் பொறுப்பு வந்தது. கண்ணாடிக் கலைஞர் ழான்-தொமினிக் ஃப்ளெரியோடு சேர்ந்து எட்டாண்டு உழைத்தார். வண்ணமும் இல்லை, உருவமும் இல்லை. ஒளியை உள்ளே விட்டு, பார்வையை வெளியே விடாத ஒரு கண்ணாடி வேண்டும் என்று நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்தார். 1994இல் 104 சன்னல்கள் நிறைவுற்றன. புனிதர் உருவங்கள் நிறைந்த பழைய வண்ணக்கண்ணாடிகளோடு வளர்ந்த ஊரார் பலருக்கு இந்த வெறுமை பிடிக்கவில்லை. ஆனால் காலையில் நீலம் பாய்ந்து, மாலையில் ஆரஞ்சாய்க் கனிந்து, அதே கண்ணாடி மணிக்கு மணி மாறுவதைப் பார்க்க இன்று உலகமே வருகிறது. சூலாஜ் தம் 102ஆம் வயதில், 2022இல் மறைந்தார்.

1998இல் சந்தியாகப்பர் பாதைகளோடு சேர்த்து இந்தக் கோயிலையும் தூர்தூ ஆற்றின் பழைய பாலத்தையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2016 ஜனவரி 1 அன்று கோங்க் தனி கொம்யூனாக இருப்பது முடிந்தது. பக்கத்து மூன்று ஊர்களோடு இணைந்து 'கோங்க்-ஆன்-ரூவெர்க்' ஆனது. ஆள் குறைந்த ஊர்கள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. மன்னர்கள், மடத்தலைவர்கள், குருக்கள் குழு என்று எத்தனையோ அமைப்புகள் இந்தச் சரிவில் வந்துபோயின. கொம்யூன் என்னும் அமைப்பும் அப்படி உருமாறுகிறது.

பொன் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. பாரிஸின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்திருக்க வேண்டிய சிலை, கோயிலிலிருந்து சில அடி தூரத்தில், 1955இல் திறந்த கருவூல அறையில் இருக்கிறது. கைதிகளின் விலங்குகளை அடித்துச் செய்த கிராதி கோயிலுக்குள் இன்னும் உறுதியாய் நிற்கிறது. ஆனால் ஆபத்து வந்த நாளில் பொன்னைக் காத்தது அந்த இரும்பு இல்லை. கஷ்கொட்டைப் புகையும், வாய்திறக்காத அண்டைவீட்டாரும்தான்.

பாலத்தைக் கடந்து எதிர்க்கரையில் ஏறுகிறோம். பாதி மேட்டில் புனித ஃபுவாவின் சிற்றாலயம் ஒன்று. அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் சிப்பிக்குள் ஊர் முழுதாய்த் தெரியும்.

(அடுத்த பகுதி: கோங்க் மடத்தின் நெடுநாள் போட்டியாளர் ஃபிஜாக். எகிப்தின் சித்திர எழுத்துகளைப் படித்துக்காட்டிய ஷாம்போலியோன் பிறந்த ஊர்.)